பிரெட்டி மெர்க்குரிக்கு இன்று வேலை விசா கிடைக்குமா?

நவம்பர் பிறந்து வெயில் கொஞ்சம் இறங்கியதும் துபாயிலும் அபுதாபியிலும் கச்சேரி சீசன் களைகட்டிவிடும். சென்னைக்கு மார்கழி சபாக்கள் எப்படியோ, இங்கே குளிர்கால அரங்குகள் அப்படி. இளையராஜா வருவார், ரஹ்மான் வருவார். 2022 மார்ச்சில் துபாய் எக்ஸ்போவில் ராஜா பாடியபோது பாதி ஷார்ஜா அங்கேதான் இருந்தது என்று சொன்னால் அதிகமில்லை. இதே ஊர்களுக்குத்தான் மேலைநாட்டு ராக் குழுக்களும் வருகின்றன. 2007ல் துபாயில் அயர்ன் மெய்டன், 2011ல் அபுதாபியில் மெட்டாலிகா, 2014 பிப்ரவரியில் யாஸ் தீவில் ரோலிங் ஸ்டோன்ஸ். பாடுகிறவர்களுக்கும் வயதாகிவிட்டது, கேட்கிறவர்களுக்கும் வயதாகிவிட்டது. தொப்பையை இறுக்கிப் பிடிக்கும் பழைய கறுப்பு டி-ஷர்ட்டைப் போட்டுக்கொண்டு, கல்லூரிக் காலத்தைத் தேடித்தான் எல்லோரும் போகிறார்கள்.

2008 நவம்பரில் குயீன் குழு துபாய்க்கு வந்தது. கிடாரில் பிரையன் மே, டிரம்ஸில் ரோஜர் டெய்லர். பாடியவர் பால் ராட்ஜர்ஸ். அவரும் பெயர் பெற்ற பாடகர்தான், குறை சொல்ல முடியாது. ஆனாலும் அந்தக் குழுவின் ரசிகர்கள் எந்த ஊரில் கூடினாலும் கண்கள் தேடுவது வேறு ஒருவரை. அந்த ஆள் இறந்து அப்போதே 17 வருடம் ஆகியிருந்தது. பெயர் பிரெட்டி மெர்க்குரி.

பிரெட்டி வளைகுடாவில் ஒருமுறைகூட மேடை ஏறியதில்லை. பள்ளிப்பருவத்தைக் கழித்த இந்தியாவிலும் குயீனோடு வந்து பாடியதில்லை. ஆனால் அவருடைய வாழ்க்கையைப் படிக்கப் படிக்க எனக்குத் தோன்றுவது இதுதான்: லண்டன் ரசிகனைவிட, கடல் கடந்து பிழைக்க வந்த நமக்குத்தான் அந்த வாழ்க்கை அதிகம் புரியும். அவருக்காக ஏங்குகிற நாம் கேட்டுக்கொள்ள வேண்டிய ஒரு கேள்வியும் அதற்குள் இருக்கிறது. முதலில் கதையைச் சொல்லிவிடுகிறேன்.

சுல்தான் ஆண்ட தீவில் ஒரு காசாளர்

1946 செப்டம்பர் 5. ஆப்பிரிக்காவின் கிழக்குக் கரையை ஒட்டிய சான்சிபார் தீவு. அங்கே ஒரு பார்சி குடும்பத்தில் ஃபரோக் புல்சாரா பிறந்தார். புல்சாரா என்ற பெயரே ஊர்ப் பெயர்தான். குஜராத்தின் வல்சாடு ஒரு காலத்தில் புல்சார் என்று அழைக்கப்பட்டது. பார்சிகள் பல நூற்றாண்டுகளுக்கு முன் ஈரானிலிருந்து குஜராத் கரைக்கு வந்தவர்கள், ஜொராஸ்டிர மதத்தவர்கள். சென்னைக்காரர்களுக்கு ராயபுரத்தில் 1910ல் கட்டிய பார்சி அக்னி ஆலயம் நினைவுக்கு வரலாம். சின்ன சமூகம். ஆனால் எந்தக் கரையிலும் கணக்குப் புத்தகத்தோடு போய் உட்கார்ந்துவிடும் சமூகம்.

சான்சிபாரை அப்போது ஆண்டவர் சுல்தான் கலீஃபா பின் ஹரூப். இன்றும் ஓமானை ஆளுகிற அல் புசைதி வம்சத்தின் கிளை. 19ஆம் நூற்றாண்டில் ஓமான் சுல்தான் சயீத், மஸ்கட்டை விட்டுத் தன் அரசவையையே சான்சிபாருக்கு மாற்றிக்கொண்டார். கிராம்புத் தோட்டம், தந்த வியாபாரம், கூடவே அடிமை வியாபாரம் என்று அந்தத் தீவில் பணம் கொட்டியது. 1890ல் ஆங்கிலேயர் பாதுகாப்பு என்ற பெயரில் உள்ளே வந்தார்கள். அரியணையில் அரபு சுல்தான், அதிகாரம் ஆங்கிலேயரிடம், கடைகளிலும் அலுவலக மேசைகளிலும் இந்தியர்கள், தோட்டத்திலும் துறைமுகத்திலும் ஆப்பிரிக்கர்கள். இந்த அடுக்கு எங்கோ பார்த்த மாதிரி இருக்கிறதா? இருக்கத்தான் செய்யும்.

அப்பா போமி புல்சாரா அங்கே உயர் நீதிமன்றத்தில் காசாளர். வீட்டில் வேலைக்கு ஆள் வைத்துக்கொள்ளும் அளவுக்கு வசதி. ஊரில் இருக்கும் உறவுக்காரர்கள் மத்தியில் மரியாதை. ஆனால் அந்த மண் சொந்த மண் இல்லை. வேலை இருக்கும்வரை வாழ்க்கை. நானும் 20 வருடத்துக்கும் மேலாக ஷார்ஜாவில் இருந்துகொண்டு துபாயில் கணக்கு எழுதுகிறவன். போமி புல்சாராவின் நாற்காலி எப்படி இருந்திருக்கும் என்று எனக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை.

எட்டு வயதில் ஹாஸ்டல்

வளைகுடாவில் இருக்கும் நம்ம குடும்பங்கள் ஒரு கட்டத்தில் எடுக்கும் முடிவு ஒன்று உண்டு. பிள்ளையை ஊட்டியிலோ கொடைக்கானலிலோ ஏற்காட்டிலோ விட்டுவிடலாம், நல்ல படிப்பு, நம்ம நாட்டுப் பழக்கவழக்கமும் வரும் என்று. புல்சாரா தம்பதியும் அதையே செய்தார்கள். எட்டு வயது ஃபரோக்கை கப்பலேற்றி பம்பாய்க்கு அனுப்பி, அங்கிருந்து மகாராஷ்டிரத்தின் மலை ஊரான பஞ்ச்கனியில் செயின்ட் பீட்டர்ஸ் பள்ளியில் சேர்த்தார்கள். அம்மா அப்பா ஒரு கண்டத்தில், பிள்ளை இன்னொரு கண்டத்தில். சின்ன விடுமுறைகளுக்கு பம்பாயில் உறவினர் வீடு.

அந்தப் பள்ளியில்தான் ஃபரோக், பிரெட்டி ஆனார். வாய்க்குள் நான்கு பற்கள் கூடுதல். அதனால் முன்பற்கள் துருத்திக்கொண்டு நின்றன. பையன்கள் சும்மா விடுவார்களா? பட்டப்பெயர் வைத்தார்கள். கடைசிவரை சிரிக்கும்போது கையால் வாயை மறைக்கும் பழக்கம் அவருக்கு இருந்தது. பின்னாளில் லட்சக்கணக்கானவர் பார்க்க மார்பைத் திறந்துகொண்டு நின்ற மனிதருக்கு!

மேசைப்பந்தில் கெட்டிக்காரர். பியானோ பயிற்சி கிடைத்தது. 12 வயதில் நான்கு பையன்களோடு சேர்ந்து ஹெக்டிக்ஸ் என்று ஒரு குழு. பள்ளி விழாக்களில் கிளிஃப் ரிச்சர்ட், லிட்டில் ரிச்சர்ட் பாட்டுகளை வாசித்தார்கள். அதில் பிரெட்டி முன்னால் நின்று பாடுகிறவர் இல்லை, ஓரமாக பியானோ வாசிக்கிறவர். ரேடியோவில் ஒருமுறை கேட்ட பாட்டை அப்படியே வாசித்துக் காட்டும் காது அவருக்கு இருந்தது என்று உடன் படித்தவர்கள் நினைவுகூர்ந்திருக்கிறார்கள்.

ஹாஸ்டலில் வளர்ந்த பிள்ளைகளை நான் பார்த்திருக்கிறேன். இரண்டு விதமாக ஆகிறார்கள். ஒன்று, சத்தமே போடாதவர்கள். இன்னொன்று, கூட்டத்துக்கு நடுவில் மட்டும் சத்தமாக இருந்து தனியே இருக்கும்போது ஒடுங்கிவிடுபவர்கள். பிரெட்டி இரண்டாவது ரகம். மேடையில் ராஜா. பேட்டி எடுக்க வந்தால் கூச்சம்.

சில பெட்டிகளோடு லண்டனுக்கு

1963ல் பையன் சான்சிபார் திரும்பினான். அந்த டிசம்பரில் தீவுக்கு விடுதலை. ஒரு மாதம்கூட ஆகவில்லை, 1964 ஜனவரி 12ல் புரட்சி. சுல்தான் ஜம்ஷீத் தப்பி ஓடினார். தலைமுறைகளாகக் கீழே வைக்கப்பட்டிருந்தவர்களின் கோபம், தெருவில் அரபுகள் மீதும் இந்தியர்கள் மீதும் இறங்கியது. ஆயிரக்கணக்கானோர் கொல்லப்பட்டார்கள். புல்சாரா குடும்பம் கையில் எடுத்த சில பெட்டிகளோடு இங்கிலாந்து போய்ச் சேர்ந்தது. பிரெட்டிக்கு அப்போது 17 வயது.

சான்சிபாரை விட்டு ஓடிய அரபுக் குடும்பங்கள் பல, பின்னர் ஓமானுக்கும் அமீரகத்துக்கும் வந்து குடியேறின. மஸ்கட்டில் இன்றும் ஸ்வாஹிலி பேசும் வீடுகள் இருக்கின்றன. ஓடிப்போன சுல்தான் ஜம்ஷீத் பல பத்தாண்டுகள் இங்கிலாந்தின் போர்ட்ஸ்மவுத்தில் வாழ்ந்து, 2020ல்தான் ஓமானுக்குத் திரும்ப முடிந்தது. 2024 டிசம்பரில் மஸ்கட்டில் காலமானார். ஒரே புரட்சியில் ஊரைவிட்டு ஓடியவர்களில் அரசரும் உண்டு, காசாளரும் உண்டு.

நம்மில் மூத்தவர்களுக்கு இந்த இடத்தில் 1990 ஆகஸ்ட் ஞாபகம் வரும். குவைத்துக்குள் ஈராக் படை புகுந்தபோது சுமார் 1,70,000 இந்தியர்கள் வீடு, கடை, சேமிப்பு எல்லாவற்றையும் விட்டுவிட்டு, அம்மான் வழியாக விமானமேறினார்கள். 20 வருட உழைப்பு ஒரே பையில். அந்த விமானத்தில் வந்தவர்களுக்கு புல்சாரா வீட்டுக் கதை புதிதல்ல.

லண்டனில் ஹீத்ரோ விமான நிலையத்துக்குப் பக்கத்தில் ஃபெல்தம் என்ற புறநகரில் ஒரு சின்ன வீடு. அம்மா ஜெர் கடை வேலைக்குப் போனார். பிரெட்டி ஈலிங் கலைக் கல்லூரியில் கிராஃபிக் டிசைன் படித்து 1969ல் டிப்ளமோ வாங்கினார். நடுநடுவே கைச்செலவுக்கு வேலைகள். அதில் ஒன்று, ஹீத்ரோவில் பயணிகளின் பெட்டி தூக்கும் வேலை. இந்த வேலையைக் கொஞ்சம் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு திரும்ப வருவேன். அதன்பின் ரோஜர் டெய்லரோடு சேர்ந்து கென்சிங்டன் மார்க்கெட்டில் பழைய துணி விற்றார்.

பிரையன் மேயும் ரோஜர் டெய்லரும் ஸ்மைல் என்ற குழுவில் வாசித்துக்கொண்டிருந்தார்கள். அவர்களுடைய பாடகர் விலகியதும் 1970ல் பிரெட்டி உள்ளே வந்தார். குழுவுக்கு குயீன் என்று பெயர் வைத்தவரும் அவர்தான், நான்கு பேரின் ராசிகளையும் சேர்த்துச் சின்னம் வரைந்தவரும் அவர்தான். 1971ல் பேஸ் கிடாருக்கு ஜான் டீக்கன் சேர்ந்தார். புல்சாரா என்ற பெயர் போய் மெர்க்குரி ஆனது. வெள்ளைக்கார ஊரில், எழுபதுகளில், ஒரு இந்தியப் பெயரோடு ராக் பாடகராக நிற்பது எவ்வளவு கஷ்டம் என்று இன்று உட்கார்ந்து யோசித்தாலே தெரியும். அலுவலகத்தில் பெயரைச் சுருக்கிக்கொண்டு சாம் என்றும் மணி என்றும் மட்டும் அழைக்கப்படுகிற நம்ம ஆட்களுக்கு இதிலும் ஒரு பங்கு உண்டு. வீட்டில் குஜராத்தியும் பருப்புச் சோறும், வெளியே வேறு ஆள். இரண்டையும் அவர் கலக்கவிடவில்லை. அதனால்தான் அவருடைய ரசிகர்களில் பலருக்கு அவர் இந்திய வம்சாவளி என்பதே இறந்தபிறகுதான் தெரிந்தது.

கூட்டத்தையே பாடவைத்தவர்

முதல் ஆல்பம் 1973ல். 1975ல் வந்த 'பொஹீமியன் ராப்சடி' கிட்டத்தட்ட ஆறு நிமிடப் பாட்டு. பல்லவி திரும்ப வராது, நடுவில் ஆப்பரா வரும், அதற்குள் அரபுச் சொல்லும் இத்தாலியச் சொல்லும் எட்டிப்பார்க்கும். வானொலிக்கு நீளம் ஜாஸ்தி என்று எல்லோரும் தலையாட்டினார்கள். அது பிரிட்டனில் ஒன்பது வாரம் முதலிடத்தில் இருந்தது.

ஆனால் ரசிகர்கள் இன்றும் ஏங்குவது ரெக்கார்டுக்காக இல்லை, மேடைக்காக. அதற்குக் காரணம் உண்டு. 1977ல் ஒரு கச்சேரி முடிந்து குழு உள்ளே போனபிறகும் கூட்டம் கலையாமல் தானாகவே பாடிக்கொண்டு நின்றது. பாட்டைக் கேட்க வந்தவர்கள் பாடவும் ஆசைப்படுகிறார்கள் என்பதைக் குழு அங்கே புரிந்துகொண்டது. அதன்பின் பிரையன் மே எழுதியதுதான் 'வி வில் ராக் யூ'. இரண்டு மிதி, ஒரு கைதட்டு. வாத்தியமே வேண்டாம், காலும் கையும் போதும். பிரெட்டி எழுதிய 'வி ஆர் தி சாம்பியன்ஸ்' அதற்கு ஜோடி.

நம்ம ஊர் வில்லுப்பாட்டில் பின்பாட்டுக்காரர் இல்லாமல் கதை நகராது. கும்மியில் சுற்றி நிற்பவர்கள் தட்டாவிட்டால் பாட்டே இல்லை. அந்த வித்தையைத்தான் பிரெட்டி ஸ்டேடியத்துக்குக் கொண்டுபோனார். ஒரு ராகத்துணுக்கை வீசுவார், கூட்டம் திருப்பித் தரும். இன்னும் கொஞ்சம் கஷ்டமாக வீசுவார், அதையும் திருப்பித் தரும். 1981 மார்ச்சில் பிரேசிலின் சாவ் பாலோவில் ஒரே இரவில் 1,31,000 பேர். ஆங்கிலமே சரியாகத் தெரியாதவர்கள் 'லவ் ஆஃப் மை லைஃப்' பாட்டை முழுசாகப் பாட, அவர் மைக்கைத் தள்ளிப் பிடித்துக்கொண்டு கேட்டுக்கொண்டு நின்றார்.

1985 ஜூலை 13 லைவ் எய்ட் நிகழ்ச்சி இதற்கெல்லாம் உச்சம். எத்தியோப்பியப் பஞ்ச நிவாரணத்துக்காக லண்டன் வெம்ப்ளியில் நடந்தது. சுமார் 72,000 பேர் கூடிய பகல் நேரம். விளக்கு இல்லை, புகை இல்லை, அலங்காரம் இல்லை. ஒரு குழுவுக்குக் கிடைத்தது 20 நிமிடம் சொச்சம்தான். வெள்ளை பனியன், பாதிக் கம்பி மட்டும் உள்ள மைக். அன்றைக்கு யார் யாரோ பாடினார்கள், பெரிய பெரிய ஆட்கள். நாற்பது வருடம் கழித்தும் பேசப்படுவது அந்த 20 நிமிடம். ஃபோனில் போட்டுப் பாருங்கள். 'ரேடியோ கா கா' பாட்டுக்கு அத்தனை கைகளும் ஒரே நொடியில் மேலெழும். எத்தனை தடவை பார்த்தாலும் எனக்குப் புல்லரிக்கும்.

எனக்கு இந்தக் குரல் அறிமுகமானது கும்பகோணம் பக்கம் ஒரு கிராமத்தில். அபுதாபியில் வேலை பார்த்த மாமா எண்பதுகளில் லீவுக்கு வரும்போது கொண்டுவந்த டூ-இன்-ஒன் செட்டில்தான். டேங், நிடோ, கோடாலித் தைலம், சென்ட் பாட்டிலோடு பத்துப் பன்னிரண்டு கேசட்டுகளும் வரும். அதில் ஒன்று குயீன். ஒரு வார்த்தை புரியாது. ஆனாலும் கைதட்டும் இடம் புரிந்தது. தமிழ்நாட்டுக் கிராமங்களுக்கு ராக் இசை லண்டனிலிருந்து நேராக வந்துவிடவில்லை. என் போன்றவர்களுக்கு அது வளைகுடாவைச் சுற்றிக்கொண்டு, ஒரு சூட்கேஸின் மூலையில் வந்து சேர்ந்தது.

அவரைச் சாமியாக்கவும் வேண்டாம். 1984 அக்டோபரில் நிறவெறி அரசின் காலத்தில் தென்னாப்பிரிக்காவின் சன் சிட்டியில் குயீன் பாடியது. உலகக் கலைஞர்கள் புறக்கணித்த மேடை அது. பிரிட்டன் இசைக் கலைஞர் சங்கம் அபராதம் போட்டது. பாட்டுக்கு அரசியல் இல்லை என்று நியாயம் சொன்னார்கள். அந்த நியாயம் அன்றைக்கும் செல்லவில்லை, இன்றைக்கும் செல்லாது.

அந்த ஐந்து வருடங்கள்

1986 ஆகஸ்ட் 9, இங்கிலாந்தில் நெப்வொர்த். 1,20,000க்கும் மேற்பட்டவர்கள் முன் பாடி முடித்தார். அது பிரெட்டி குயீனோடு செய்த கடைசிக் கச்சேரி என்பது அன்று யாருக்கும் தெரியாது.

அதே 1986ல் சென்னையில் வேறொரு விஷயம் நடந்தது. சென்னை மருத்துவக் கல்லூரியில் டாக்டர் சுனிதி சாலமன் வழிகாட்ட, மாணவியாக இருந்த டாக்டர் நிர்மலா ரத்த மாதிரிகளைச் சேகரித்தார். வேலூரில் சோதித்துப் பார்த்தபோது, இந்தியாவில் முதன்முதலாக எச்.ஐ.வி. தொற்று கண்டறியப்பட்டது. இங்கே அதெல்லாம் வராது என்று நம்பிக்கொண்டிருந்த நாடு திடுக்கிட்டது.

மறு ஆண்டு, 1987ல், பிரெட்டிக்கு எச்.ஐ.வி. தொற்று உறுதியானது. மேரி ஆஸ்டின் என்ற பெண்ணோடு சில ஆண்டுகள் சேர்ந்து வாழ்ந்து, பிரிந்தபின்னும் கடைசிவரை நட்பாக இருந்தவர் அவர். பின்னாளில் அவருடைய துணையாக இருந்தவர் ஜிம் ஹட்டன் என்ற ஆண். இதை அவர் மேடையில் அறிவிக்கவும் இல்லை, வெட்கப்படவும் இல்லை. ஆனால் நோய் தெரிந்தபிறகு வீட்டு வாசலில் பத்திரிகைக் கேமராக்கள் காத்துக் கிடந்தன. கன்னம் ஒட்டியதா, நடை தளர்ந்ததா என்று படம் பிடித்துப் போட்டார்கள். ஒருவருடைய ரத்தப் பரிசோதனை முடிவு ஊருக்கே விருந்தானது.

அவர் செய்தது என்ன? பாடினார். ஸ்பெயினின் ஆப்பரா பாடகி மொன்செராட் கபாயேவுடன் 1988ல் 'பார்சிலோனா' ஆல்பம். பின்னர் குழுவோடு இன்னும் இரண்டு ஆல்பங்கள். நிற்கவே முடியாத நிலையிலும் ஸ்டுடியோவுக்குப் போய் 'தி ஷோ மஸ்ட் கோ ஆன்' பாடிவைத்தார். 1991 மே மாதம் கடைசி வீடியோ. நவம்பர் 23ல் தனக்கு எய்ட்ஸ் இருப்பதாக அறிவிப்பு கொடுத்தார். மறுநாள் நவம்பர் 24 மாலை, லண்டன் வீட்டில் உயிர் பிரிந்தது. வயது 45. பார்சி மதகுருமார்கள் வந்து இறுதிச் சடங்கை நடத்தினார்கள். வாழ்நாள் முழுக்க ஒளித்துவைத்திருந்த ஃபரோக் புல்சாரா, கடைசியில் அந்த மந்திரங்களோடு வீட்டுக்கு வந்து சேர்ந்தார்.

1992 ஏப்ரல் 20ல் வெம்ப்ளியில் அஞ்சலிக் கச்சேரி. அதில் திரண்ட பணத்தில் மெர்க்குரி ஃபீனிக்ஸ் அறக்கட்டளை தொடங்கி, எச்.ஐ.வி. தடுப்புப் பணிக்கு உலகெங்கும் உதவிக்கொண்டிருக்கிறார்கள். அவர் பிறந்த சான்சிபாரோ தயங்கியது. 2006ல் அவருடைய 60ஆவது பிறந்தநாள் கொண்டாட்டத்துக்கு மத அமைப்பு ஒன்று எதிர்ப்புத் தெரிவித்து, நிகழ்ச்சி ரத்தானது. 2019ல்தான் அங்கே அவருக்கு ஒரு சிறிய அருங்காட்சியகம் வந்தது.

இனி அந்தக் கேள்வி

ஹீத்ரோவில் பெட்டி தூக்கும் வேலையை ஞாபகம் வைத்துக்கொள்ளச் சொன்னேன் இல்லையா? துபாய், தோஹா, மஸ்கட் விமான நிலையங்களில் அந்த வேலையில் நம்ம பையன்கள் எத்தனையோ பேர். அந்த வேலைக்கு வருவதற்கு முன் ஒவ்வொருவரும் மெடிக்கல் தாண்டியாக வேண்டும். சென்னையிலும் திருச்சியிலும் வெறும் வயிற்றோடு வரிசையில் நின்றவர்களுக்கு, காம்கா என்ற பழைய பெயர் இன்றும் அடிவயிற்றைக் கலக்கும். இங்கே வந்து இறங்கியபின் மறுபடி ரத்தம் எடுப்பார்கள். எச்.ஐ.வி. இருந்தால் தகுதியில்லை, அவ்வளவுதான். ஏற்கெனவே இங்கே இருப்பவருக்குத் தெரியவந்தால் விசா ரத்து, விமானம், ஊர். வளைகுடா நாடுகளில் வெளிநாட்டுத் தொழிலாளிக்கு இதுதான் விதி.

அப்படியென்றால் கணக்கு இப்படி வருகிறது. பிரெட்டி மெர்க்குரி இன்று உயிரோடு இருந்து, ஒரு ராத்திரி பாட விருந்தாளியாக வந்தால் சிவப்புக் கம்பளம் விரிப்போம். ஃபரோக் புல்சாராவாகப் பெட்டி தூக்க வந்தால் அடுத்த விமானத்தில் திருப்பி அனுப்புவோம். இரண்டும் ஒரே ரத்தம்தான்.

எங்கள் பக்கத்து ஊர்ப் பையன் ஒருவனுக்கு இது நடந்தது. எந்த ஊர், எந்த மருத்துவ மையம் என்பதெல்லாம் வேண்டாம். அவனுக்கே முடிவு தெரிவதற்கு முன் ஏஜெண்டுக்குத் தெரிந்தது. ஏஜெண்டிடமிருந்து டீக்கடைக்கு. அன்று சாயந்திரம் அவனுடைய அம்மா தெருக்குழாயில் தண்ணீர் பிடிக்கப் போனபோது வரிசை தானாக விலகியதாம். லண்டனில் கேமரா செய்ததை இங்கே ஒரு குழாயடி செய்தது. விசாவுக்கு வாங்கிய கடன் மட்டும் அப்படியே நின்றது.

இன்று அவன் திருப்பூரில் வேலை பார்க்கிறான். தினமும் மாத்திரை போடுகிறான். 2004 ஏப்ரலில் இந்திய அரசு எச்.ஐ.வி.க்கான கூட்டு மருந்தை இலவசமாகக் கொடுக்கத் தொடங்கியது. தாம்பரம் மருத்துவமனை அந்த முதல் மையங்களில் ஒன்று. மருந்தை ஒழுங்காகச் சாப்பிட்டு ரத்தத்தில் கிருமி கண்டறிய முடியாத அளவுக்குக் குறைந்தவரிடமிருந்து, உடலுறவு வழியாகக்கூடத் தொற்று பரவாது என்பது மருத்துவம் உறுதிப்படுத்திய விஷயம். கை குலுக்கினாலோ, ஒரே அறையில் படுத்தாலோ, ஒரே தட்டில் சாப்பிட்டாலோ எப்போதுமே பரவியதில்லை. இந்தியாவில் 2017ல் வந்த சட்டம், எச்.ஐ.வி. உள்ளவரை வேலையில் பாகுபடுத்துவதைத் தடை செய்கிறது. அந்தக் கூட்டு மருந்து உலகில் பரவலானது 1996 வாக்கில். பிரெட்டி இறந்து ஐந்து வருடம் கழித்து. அந்த ஐந்து வருடம் மட்டும் தாண்டியிருந்தால், துபாய் மேடையில் பாடியது அவராகவே இருந்திருக்கலாம்.

விசா விதி வகுப்பது அந்தந்த நாடுகளின் உரிமை. அதை மாற்றும் சக்தி ஒரு கணக்கனுக்கு இல்லை. ஆனால் மருந்தே இல்லாத காலத்துப் பயத்தில் பிறந்த விதியை, மருந்து இருக்கும் காலத்தில் மறுபடி பார்க்கச் சொல்லலாம். வெளிநாடுவாழ் தமிழர்களுக்கென்று துறையும் வாரியமும் வைத்திருக்கும் தமிழ்நாடு அரசும், இங்கே இருக்கும் இந்தியத் தூதரகங்களும் பேச வேண்டிய விஷயம் இது. அதுவரை குறைந்தபட்சம் இரண்டு காரியம் செய்யலாம். முடிவு சம்பந்தப்பட்டவருக்கு மட்டும் தெரிவிக்கப்பட வேண்டும், ஏஜெண்டுக்கு அல்ல. திரும்பிவருகிறவருக்கு அடுத்த நாளே எங்கே போய் மருந்து வாங்குவது என்று சொல்ல ஒரு ஆள் இருக்க வேண்டும். இதற்கு எந்த நாட்டின் அனுமதியும் தேவையில்லை.

குழாயடியை மாற்றுவது இதைவிடச் சுலபம். அது நம்ம கையில்தான் இருக்கிறது. லேபர் கேம்ப் அறையில் ஒருவன் திடீரென்று ஊருக்கு அனுப்பப்பட்டால், காரணத்தை நோண்டாமல் அவன் கட்டிலில் விட்டுப்போன சாமானைக் கட்டி அனுப்பலாம். ஊரில் அவன் வீட்டுக்குப் போய் ஒரு வாய் காபி வாங்கிக் குடிக்கலாம்.

அடுத்த குளிர்காலத்திலும் யாராவது ஒரு குழு வந்து குயீன் பாட்டைப் பாடத்தான் போகிறது. இரண்டு மிதி, ஒரு கைதட்டு, நாமும் சேர்ந்து தட்டத்தான் போகிறோம். தட்டுவோம். ஊரைவிட்டு ஓடி வந்தவன், ஹாஸ்டலில் வளர்ந்தவன், பெயரை மாற்றிக்கொண்டவன், நோயோடு நின்று பாடியவன் என்று அந்த முழு மனிதனுக்கும் சேர்த்துத் தட்டுவோம். அவனுடைய நோய் உள்ள இன்னொருவன் நம் அறையிலேயே, நம் தெருவிலேயே இருக்கக்கூடும். அவனுக்கு நாம் என்ன செய்கிறோம் என்பதில்தான் நம்முடைய ரசிகத்தனம் இருக்கிறது.